கணவாய்க் காற்றும் கைவேலை பேஸ் கிதாரும்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூர் போகும் சாலையில், ஒரு வீட்டுப் பரணில் எட்டு ஆண்டுகள் கிடந்த பேஸ் கிதாரை ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். அதை வைத்திருந்தவர் திருவிழாக் கானமேளாக்களில் வாசித்தவர். விரல் மூட்டில் வலி வந்ததும் நிறுத்திவிட்டார். கிதாரின் தலையில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. உடல் பலா, கழுத்து தேக்கு, விரல்பலகை ஈட்டி மரம். வீணைக்குப் பலா ஏன் என்று அறிந்த யாரோ ஒரு தச்சர் அதே நம்பிக்கையில் இதையும் இழைத்திருக்கிறார்.

மேடைக்கு அதைத் தயார் செய்ய ஓராண்டு பிடித்தது. அதில் பாதிக்கு மேல் காத்திருந்த நாள்கள்தான். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் குடியிருப்பவர்களுக்கு இது புரியும். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து உதட்டை வெடிக்க வைக்கும் வறண்ட காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து ஈரக்காற்று. ஒரே கழுத்து இரண்டு காலத்திலும் ஒரே மாதிரி நிற்பதில்லை. எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம் மாறும். தொழிற்சாலைக் கிதாருக்கு அளவு அட்டவணை இருக்கிறது. கைவேலைக் கிதாருக்கு அதைச் செய்தவர் மனத்தில் இருந்த அளவுதான் அளவு. ஆகவே முதலில் அளந்து நோட்டில் எழுதுங்கள், பிறகு திருகாணியைத் தொடுங்கள். அரத்தைக் கடைசியில் எடுங்கள். திருகியதைத் திருப்பித் திருகலாம், தேய்த்ததை ஒட்ட முடியாது.

வாங்கும்போதே தெரிவது: மேலே போகப் போக ஸ்வரம் பிசகுகிறது

ஃப்ரெட்டை வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். வீணையில் மெட்டு மெழுகின்மேல் உட்கார்ந்திருக்கும். இடம் பிசகினால் மெழுகை இளக்கி நகர்த்திவிடலாம். கிதாரிலோ விரல்பலகையில் அறுத்த பள்ளத்துக்குள் அடித்து இறக்கியிருப்பார்கள். அது நகராது. 1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பேஸுக்கு ‘பிரெசிஷன்’ என்று பெயர் வந்ததே, மெட்டு இருப்பதால் ஸ்வரம் துல்லியமாக விழும் என்பதால்தான். அந்த மெட்டே தவறான இடத்தில் இருந்தால் விரல்பலகையை மாற்றுவதைத் தவிர வழியில்லை. அந்தச் செலவுக்கு வேறு கிதாரே வாங்கிவிடலாம்.

ஒரு ஸ்டீல் டேப் போதும். பெரும்பாலான பேஸ்களுக்கு நீளம் 34 அங்குலம், அதாவது 863.6 மில்லிமீட்டர். தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் ‘நட்’டின் உள்விளிம்பிலிருந்து 12-ஆவது மெட்டின் நடுமுகடு வரை சரிபாதி, 431.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். முதல் மெட்டு 48.5 மில்லிமீட்டரில் வரும். நீளம் வேறாக இருந்தால் கணக்கு இதுதான்: மொத்த நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் கிடைக்கும். அதைக் கழித்து மீதியை மறுபடி 17.817-ஆல் வகுத்தால் அடுத்த மெட்டு. இப்படியே கடைசி வரை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நெம்மாறைப் பக்கம் ஒரு கிதாரைப் பார்க்கப் போனேன். பார்வைக்கு என்னுடையதைவிட அழகு. பாலிஷில் முகம் தெரிந்தது. டேப்பை வைத்தால் முதல் மெட்டு 48-இல், 12-ஆவது 429-ஐக்கூடத் தொடவில்லை. வசதிக்காக 18-ஆல் வகுக்கும் பழைய கணக்கில் அறுத்துவிட்டிருக்கிறார்கள். அந்தச் சின்னப் பிசகு மெட்டுக்கு மெட்டு சேர்ந்து, பாதி வழியில் மூன்று மில்லிமீட்டராகிவிடுகிறது. மனமில்லாமல்தான் திரும்பினேன்.

இன்னொரு சோதனை முறுக்கு. நட்டின் மேலும் கடைசி மெட்டின் மேலும் இரண்டு நேரான சட்டங்களைக் குறுக்கே வைத்து, தலைப்பக்கம் இருந்து ஒரு கண்ணால் பாருங்கள். கதவுச் சட்டம் கோணியிருக்கிறதா என்று தச்சர்கள் பார்ப்பது இப்படித்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லையென்றால் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே உள்ள எந்தக் கம்பியாலும் அதை நிமிர்த்த முடியாது. அதையும் விட்டுவிடுங்கள்.

கிதாருக்கு அடியில் மாவுபோல் தூள்

இது வண்டு. வைரம் பாய்ந்த பகுதியை அது விடும், வெளிப்புற இளமரமான வெளிறைத்தான் தின்னும். வைரத்தை மலையாளத் தச்சர்கள் ‘காதல்’ என்கிறார்கள். “இதில் காதல் குறைவு” என்று ஒருவர் பலகையைத் தட்டிச் சொன்னபோது ஒரு கணம் விழித்தேன். என் கிதாரின் அடிவிளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிறு இருந்தது. அதில் குண்டூசி நுழையும் ஏழு துளைகள். ரப்பர் மரத்தில் செய்த உடல் என்றால் இன்னும் கவனம் தேவை. பதப்படுத்தாத ரப்பர் மரம் வண்டுக்கு விருந்து.

கம்பிகளையும் மின்பாகங்களையும் கழற்றுங்கள். துளைகளுக்குள் ஊசிக் குழலால் மரம் காக்கும் மருந்தைச் செலுத்துங்கள். உள்குழிகளில் பாலிஷ் படாத பச்சை மரம் தெரியும் இடங்களில் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலைத் தூரிகையால் தடவலாம். பாலிஷின் மேல் தடவினால் உள்ளே இறங்காது, வீண். வீட்டில் வீணையோ தபேலாவோ இருந்தால் வேறு அறைக்கு மாற்றுங்கள். பிறகு கிதாரைக் கறுப்புத் தாளின்மேல் படுக்க வைத்து ஒரு மாதம் பாருங்கள். தாளில் புதுத் தூள் விழுந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது.

கம்பி மெட்டிலிருந்து எட்டி நிற்கிறது, அழுத்தினால் விரல் நோகிறது

உடல்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை உடனே தாழ்த்தாதீர்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். நாலு பேஸ் கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை முக்கால் குவிண்டாலுக்குக் குறையாது. எட்டு ஆண்டுகள் அந்த இழுவையில் நின்ற கழுத்து வில்லாக வளைந்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

நாலில் தடித்ததான ஈ கம்பியை முதல் மெட்டில் ஒரு கையாலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து மெட்டில் மறு கையாலும் அழுத்துங்கள். இப்போது கம்பிதான் உங்கள் நேர்கோடு. ஏழாவது, எட்டாவது மெட்டுக்கு மேல் கம்பிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இருந்தால் கழுத்து நலம். அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும். இரு சக்கர வாகன உதிரிபாகக் கடையில், டேப்பெட் சரிசெய்ய மெக்கானிக்குகள் வைத்திருக்கும் அதே தகட்டுக் கட்டுதான். கிடைக்காவிட்டால் ஒரு விசிட்டிங் கார்டு ஏறத்தாழ அந்தக் கனம் இருக்கும்.

இடைவெளி அதிகமானால் கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருக வேண்டும். அதைத் திருகும் மரை நட் (கம்பிகள் உட்காரும் நட் அல்ல) தலைப்பக்கம் இருக்கலாம்; என்னுடையதில் உடல்பக்கம் இருந்ததால் கழுத்தைக் கழற்றித்தான் தொட முடிந்தது. துரு இருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் விடுங்கள். பென்சிலால் அடையாளம் போடுங்கள். முதலில் சற்றுத் தளர்த்திப் பாருங்கள், இறுகிக் கிடக்கும் மரைக்கு அது நல்லது. பிறகு நட்டை நேராகப் பார்த்தபடி வலப்பக்கம் கால் சுற்று. அவ்வளவுதான் அன்றைய வேலை. கம்பிகளைச் சுருதிக்கு ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். மரம் மெல்லத்தான் கேட்கும். காலையில் அளந்து, தேவையானால் இன்னொரு கால் சுற்று. ஆலன் கீ சரியான அளவாக இருக்க வேண்டும். மில்லிமீட்டர் கீயை அங்குல நட்டில் போட்டுத் திருகி முனை மழுங்கிய கழுத்துகளைப் பார்த்திருக்கிறேன். வேகமாக எதிர்த்தால் நிறுத்திவிடுங்கள். அறுந்த ராடை எடுக்க விரல்பலகையையே பிரிக்க வேண்டும்.

சில கைவேலைக் கிதார்களில் ராடே இருக்காது. அப்போது மெல்லிய கம்பிக் கட்டு போடுங்கள். கம்பியின் கனத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் சொல்வார்கள்; 45 முதல் 105 வரை உள்ள கட்டுக்குப் பதில் 40 முதல் 100 வரை உள்ளது இழுவையைக் குறைக்கும். வளைவு கொஞ்சமாக இருந்தால் அதுவே போதும்.

கழுத்து நேரான பிறகு பிரிட்ஜுக்கு வாருங்கள். 17-ஆவது மெட்டின் மேல் ஈ கம்பி 2.4 முதல் 2.8, மெல்லிய ஜி கம்பி 2.0 முதல் 2.4 மில்லிமீட்டர். இது தொடங்கும் அளவு. ஓங்கி வாசிப்பவர் இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம்.

கரகரப்பு

எங்கே கரகரக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. நாலு கம்பியையும் மெட்டு மெட்டாக வாசித்து நோட்டில் குறியுங்கள்.

முதல் நாலைந்து மெட்டுகளில் எல்லாக் கம்பிகளும் கரகரத்தால் கழுத்து அளவுக்கு மேல் நிமிர்ந்துவிட்டது, அல்லது பின்னோக்கி வளைந்துவிட்டது. ராடைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். மேல் மெட்டுகளில் மட்டும் என்றால் கம்பி தாழ்வாக இருக்கிறது. பிரிட்ஜில் அந்தக் கம்பியைத் தாங்கும் சேடிலை உயர்த்திப் பாருங்கள். உயர்த்தியும் தீரவில்லையென்றால் கழுத்தின் கடைசிப் பகுதி உடலோடு சேரும் இடத்தில் மேலே எழும்பியிருக்கிறது.

ஒரே ஒரு மெட்டில் மட்டும் என்றால், அதற்கு அடுத்த மெட்டு உயர்ந்து நிற்கிறது. மூன்று மெட்டுகளை மட்டும் தொடும் நீளத்துக்கு ஒரு நேரான எஃகுத் துண்டை அவற்றின்மேல் வையுங்கள். டக் டக் என்று ஆடினால் நடுவில் இருப்பதுதான் குற்றவாளி. அதை அரத்தால் தொடும் முன் நகத்தால் ஓரத்தை நெம்பிப் பாருங்கள். என் கிதாரில் ஒன்பதாவது மெட்டு உயரமாக இல்லை, பள்ளத்திலிருந்து கிளம்பியிருந்தது. சின்ன நைலான் சுத்தியால் இரண்டு தட்டு, பள்ளத்தில் ஒரு சொட்டு ஃபெவிகுவிக், மேலே ஒரு மரக்கட்டையை வைத்துக் கிளாம்பில் ஒரு மணி நேரம். கரகரப்பு போய்விட்டது. அரத்தை எடுத்திருந்தால் நல்ல மெட்டைத் தேய்த்திருப்பேன். அடுத்த மழைக்கு அது மறுபடி அசைந்திருக்கும்.

மெட்டு முழுவதையும் சமன்படுத்த வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒரு வறட்சியும் ஒரு மழையும் போகட்டும் என்று சொல்லுங்கள். தை மாதம் சமன்படுத்தியது ஆடியில் சமமாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இரண்டு காலத்திலும் அதே மெட்டு உயர்ந்து நின்றால் தேய்க்கலாம்.

அழுத்தாத கம்பி மட்டும் ரீங்கரிக்கிறது என்றால் நட்டைப் பாருங்கள். தம்புராவில் ஜீவா நூலை வைத்ததும் ஒலி விரியுமே, அதே சங்கதி இங்கே வேண்டாத இடத்தில் நடக்கிறது. கம்பி நட்டின் முன்விளிம்பில் பிடிபட வேண்டும், அங்கிருந்து பள்ளம் தலைப்பக்கம் சரிய வேண்டும். சரிவு தலைகீழாக இருந்தால் கம்பி விளிம்பில் தட்டித் தட்டி அதிரும். பள்ளம் ஆழமாகிவிட்டதா என்று அறிய, மூன்றாவது மெட்டில் அழுத்தி முதல் மெட்டின் மேல் பாருங்கள். தாள் கனத்துக்கு வெளிச்சம் தெரிய வேண்டும். கம்பி மெட்டைத் தொட்டுக் கிடந்தால், எலும்புத் தூளைப் பள்ளத்தில் நிரப்பி ஒரு சொட்டுப் பசை விட்டு, காய்ந்ததும் மறுபடி அறுக்கலாம். புது எலும்பு நட் போடுவது இன்னும் நல்லது.

விரலை ஓட்டினால் கழுத்தின் ஓரம் கீறுகிறது

தையில் மரம் சுருங்கி மெட்டின் முனைகள் வெளியே நீட்டிக்கொள்கின்றன. மெட்டு உலோகம், அது சுருங்காது. மழைக்காலத்தில் தானே அடங்கும். அடங்காத முனைகளை மட்டும் சிறு அரத்தால் உருட்டிவிடுங்கள், பாலிஷில் டேப் ஒட்டிக்கொண்டு.

மெட்டுக் கணக்கு சரி, ஆனாலும் சுருதி சேரவில்லை

பழைய கம்பியை வைத்துக்கொண்டு இதைச் சோதிக்காதீர்கள். புதுக் கம்பி போடுங்கள். 12-ஆவது மெட்டின் மேல் விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் மணியோசையும், அங்கேயே அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது கூடுதலாக ஒலித்தால் சேடிலைப் பின்னுக்கு நகர்த்துங்கள், குறைவாக ஒலித்தால் முன்னுக்கு. தடித்த ஈ கம்பியின் சேடில் ஜி கம்பியுடையதைவிடச் சில மில்லிமீட்டர் பின்னால் நிற்பது இயல்பு. கைவேலைக் கிதாரில் சேடில் கடைசி வரை போயும் பற்றவில்லை என்றால் பிரிட்ஜையே தவறான இடத்தில் பொருத்தியிருக்கிறார்கள். பழைய துளைகளை அதே மரத்து முளையால் அடைத்துவிட்டு இடம் மாற்றுங்கள். என்னுடையது நாலு மில்லிமீட்டர் பின்னுக்குப் போனது.

உறுமல்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாவது மெட்டு 49 ஹெர்ட்ஸ். அதனால் வேறு கருவிகளில் தொல்லையாக மட்டும் இருக்கும் உறுமல் பேஸில் ஒரு ஸ்வரமாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாடுபவருக்கே சுருதி குழம்பும்.

கம்பியைத் தொட்டால் உறுமல் குறைகிறதா? அப்படியானால் எர்த் வயர் நலம். உள்குழிக்கு இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை இல்லை. தொட்டாலும் மாற்றமில்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் விட்டுப்போயிருக்கிறது. மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மறுமுனையைக் கேபிள் செருகும் ஜாக்கின் வெளிவளையத்திலும் வையுங்கள், பீப் வர வேண்டும். கைவேலைக் கிதாரில் அந்த வயரைப் பிரிட்ஜின் அடியில் சும்மா நசுக்கி வைத்திருப்பார்கள். இடையில் பாலிஷ் புகுந்து தொடர்பு அறும். பிரிட்ஜின் அடிப்பக்கத்தைச் சுரண்டி வயரை விசிறிபோல் விரித்து வையுங்கள். தொட்டால் உறுமல் கூடுகிறது என்றால் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்தான் பிக்கப்; இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள பேஸில், இரண்டையும் முழுதாக வைத்தால் அடங்கி ஒன்றைக் குறைத்தால் தலைகாட்டும் உறுமல் அதன் பிறவிக்குணம்.

உறை போட, செப்பு டேப்பைக் குழியின் சுவரிலும் தரையிலும் ஒட்டி, துண்டுக்குத் துண்டு ஈயம் வைத்து, எர்த்தோடு இணையுங்கள். என் கிதாரின் குழி மூடியைத் திறந்தபோது தரையில் பென்சில் எழுத்து இருந்தது. மலையாளத்தில் ‘ப்லாவு’ என்று மரத்தின் பெயர், பக்கத்தில் ஏதோ ஓர் அளவு, அதை அடித்து வேறோர் அளவு. அளந்தவர் மறுபடி அளந்திருக்கிறார். அந்த இடத்தைச் சுற்றி டேப்பை வெட்டி ஒட்டினேன். கைவிரல் அகலத்துக்கு உறை இல்லாமல் போனதால் உறுமல் ஒன்றும் கூடிவிடவில்லை.

ஒலியே இல்லை

கேபிளை மாற்றிப் பாருங்கள். ‘பாட்’ எனும் ஒலித் திருகியைத் திருகும்போது மட்டும் கொரகொரத்தால் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது முறை திருகுங்கள். உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருந்தால் அதைப் பாருங்கள். அந்த வகையில் கேபிளைச் செருகி வைத்திருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

இவை சரியென்றால் பிக்கப். மல்ட்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, பிக்கப்பின் இரு வயர்களையும் தனியே எடுத்துச் சோதியுங்கள். 7-க்கும் 12-க்கும் இடையில் காட்டினால் பெரும்பாலும் நலம். எதுவும் காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. என் கழுத்துப்பக்கப் பிக்கப் அப்படித்தான் இருந்தது. மோட்டார் காயில் கட்டும் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்த அண்ணன் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தலைமுடி கனம்தான் அந்தக் கம்பி. “தம்பி, உள்ளே அறுந்திருந்தால் முழுக்கப் பிரிக்க வேண்டும். இது வாசலிலேயே அறுந்திருக்கிறது” என்று சொல்லி, ஊசி முனையால் ஒரு சுற்றை மட்டும் நிமிண்டி எடுத்து, ஈயத்தில் தொட்டு வைத்தார். மீட்டர் 7.6 காட்டியது. முழுச் சுருளையும் மாற்றச் சொல்லும் முன், வயர் சுருளோடு சேரும் அந்த வாசலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மைக்கில் உதடு பட்டால் ஷாக்

வாசிப்பதை அந்தக் கணமே நிறுத்துங்கள். குற்றம் கிதாரில் இல்லை. கிதாரின் கம்பிகள் எர்த்தோடு சேர்ந்திருப்பதால் ஆம்ப்ளிஃபயரிலோ மேடை வயரிங்கிலோ உள்ள கோளாறு உங்கள் உடல் வழியாகப் போகிறது. திருவிழா மைதானத்தில் ஜெனரேட்டரில் ஓடும் 230 வோல்ட்டுக்குப் பெரும்பாலும் எர்த் அடித்திருக்க மாட்டார்கள். ஆம்ப்ளிஃபயரின் மூன்றாவது பின்னை யாராவது வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கம்பியில் டெஸ்டரை வைத்து விளக்கு எரிந்தால் எலெக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும் வரை யாரும் கருவியைத் தொட வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தால் தானே அணையும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் உள்ள பலகையிலிருந்து மட்டும் மின்சாரம் கேளுங்கள். உறுமலைப் போக்க எர்த்தைக் கழற்று என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஒரு ஸ்வரம் மட்டும் உடனே செத்துப்போகிறது

ஜி கம்பியில் ஐந்து முதல் ஏழு வரையுள்ள மெட்டுகளில் ஒன்று பிறந்த உடனே அடங்குகிறதா? மெட்டைக் குறை சொல்லாதீர்கள். கழுத்துக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. அந்த ஸ்வரம் அதோடு ஒத்துப்போனால் கம்பியின் ஆற்றலைக் கழுத்து வாங்கிக்கொள்கிறது. விலையுயர்ந்த பேஸ்களிலும் இது இருக்கிறது. உறுதி செய்ய, தலைப்பகுதியில் ஒரு சிறு கிளாம்பை, துணி வைத்து, மாட்டி வாசியுங்கள். எடை கூடியதும் செத்த இடம் வேறு மெட்டுக்கு நகரும். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே அது விழும்படி எடையைச் சரிசெய்ய முடிந்தால் அதிர்ஷ்டம்.

என் கிதாரில் அது ஆறாவது மெட்டில், சி ஷார்ப்பில் இருக்கிறது. கிளாம்பை மாட்டினால் ஐந்துக்குப் போய்விடுகிறது; அந்த சி எனக்கு இன்னும் அதிகம் தேவைப்படும் ஸ்வரம். கிளாம்பைக் கழற்றிவிட்டேன். நீண்டு நிற்க வேண்டிய சி ஷார்ப் வரும்போது டி கம்பியின் பதினோராவது மெட்டுக்குக் கையை நகர்த்திக்கொள்கிறேன். கிதாரை எனக்குக் கொடுத்தவரிடம் இதைச் சொன்னபோது, அவரும் அங்கேதான் போவாராம்.